முழுக்குக் கண்ணாடியும் என் இரண்டு பவரும்

என் வலக்கண்ணுக்கு மைனஸ் ஐந்தரை, இடக்கண்ணுக்கு மைனஸ் மூன்றே முக்கால். இது எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்த கணக்கு. இப்போது இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையை வெறுங்கண்ணால் படிக்கிறேன். ஆனாலும் யாராவது பவர் என்று வாயெடுத்தால் எனக்கு முதலில் நினைவு வருபவை அந்தப் பழைய இரண்டு எண்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு அப்படி.

அப்போது நான் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலகம் என்றால் என் வீட்டு முன்னறை. ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு தேதி முத்திரை, ஒரு இரும்புப் பெட்டி. சொந்த ஊர் மாகறல். செய்யாற்றில் வெள்ளம் வந்தால் நீந்திப் பழகியவன். குடிவந்த ஊரில் எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஏரித் தண்ணீரில் பாத்தியமும் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவர் காதுக்குப் போனதில்லை. இதனால் ஊருக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் வினையாக வந்தது.

ஏரி மதகைத் திறந்து மூடுவதற்கு ஒருவர் உண்டு. நீர்க்கட்டி என்பார்கள். மதகு என்றால் கரையை ஒட்டித் தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள். நடுவே ஒரு நீண்ட கழி இறங்கும். அதன் நுனியில் குடத்தளவு மரக்கட்டை. ஏரியின் அடியில் பதித்த பலகைக்கல்லில் ஒரு துளை இருக்கும். கட்டை துளையில் உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும், தூக்கினால் வாய்க்காலில் பாயும். எங்கள் ஊர் நீர்க்கட்டிக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். அவருடைய தகப்பனும் பாட்டனும் அதே கழியைப் பிடித்தவர்கள்.

அந்த வருஷம் ஏரி நிரம்பிற்று. ஆனால் தை மாதம் மதகை மூடிய பிறகும் வாய்க்காலில் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கரையோரத்து நிலக்காரர்கள் நீர்க்கட்டிமேல் பழி போட்டார்கள். வாய்க்கால் முடியும் கடைமடையில் அவருடைய மைத்துனர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். அவருக்காக இவர் திருட்டுத்தனமாகக் கட்டையைத் தூக்கி வைக்கிறார் என்றார்கள். அவர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டை உட்கார்ந்துதான் இருக்கிறது, கல்லில்தான் ஓட்டை, என் கைக்குத் தட்டுப்படுகிறது என்று. கை சொல்வதை யார் கேட்பார்கள்? கரைக்காரர் ஒருவர் முழுகிவிட்டு ஓட்டை இல்லை என்றார், கடைமடைக்காரர் ஒருவர் முழுகிவிட்டு இருக்கிறது என்றார். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் யாருக்கும் மங்கல்தான். வைக்கோலைக் கல்லருகே விட்டுப் பார்த்தார்கள். அது வாய்க்காலில் வெளியே வந்தது. ஆனால் ஓட்டை வழியாக வந்ததா, கட்டையின் சந்து வழியாக வந்ததா என்று வைக்கோல் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை கரைக்காரர்களில் பெரியவர் ஒருவர் அஞ்சலகத்துக்கு வந்தார். நீர்க்கட்டி வாசலில் நின்றுகொண்டார்.

"போஸ்ட் மாஸ்டரே, நீங்க முளுவிப் பாத்து சொல்லுங்க. நீங்க இன்னா சொன்னாலும் ரெண்டு பக்கமும் ஒத்துக்குது. அடுத்த பொதங்கிழமைக்குள்ள தெரியணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை கழியப் பிடுங்கி வேற ஆளுகிட்ட குடுத்துடுவோம்."

"கண்ணாடிய கழட்டினா எதிர்ல நிக்கறது நீங்களா உங்க எருமையான்னுகூட எனக்குத் தெரியாது."

"எரும கையெழுத்து போடாது. அத்த வெச்சி கண்டுபுடிங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நீர்க்கட்டி போகவில்லை. "ஐயா, கழி போனா போவுது, கூலி வேலைக்குப் போயி பொழச்சிப்பேன். தண்ணித் திருடன்னு பேரு வந்துட்டா எங்க போயி பொழைக்கறது? கீறத கீதுன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு, அது போதும்," என்றார்.

என் மனைவியின் தம்பி அப்போது விடுமுறையில் வந்திருந்தான். சரக்குக் கப்பலில் வேலை. அவன் முந்தைய விடுமுறையில் கொண்டுவந்த ஒரு நீல ரப்பர் சாமான் எங்கள் பரணில் கிடந்தது. கண்ணையும் மூக்கையும் மூடும்படி முகத்தில் மாட்டிக்கொள்வது. முன்னால் முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி. கூடவே வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விட ஒரு வளைந்த குழாய். வெளிநாட்டில் கடலில் மிதந்தபடி மீன் பார்ப்பதற்கு இதை மாட்டிக்கொள்வார்களாம். எங்கள் வீட்டில் அதன் பெயர் முழுக்குக் கண்ணாடி. அன்று இரவு அதைப் பரணிலிருந்து இறக்கினேன்.

"மாமா, சிங்கப்பூர்ல பவர் வெச்சதே ரெடியா விக்கறான். நம்பரு சொன்னா ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா மாட்டித் தந்துடுவான். நான் அடுத்த தபா போய் வர அஞ்சி மாசம் ஆவும்," என்றான் மச்சான்.

"எனக்கு ஆறு நாள்தான் இருக்கு."

"அப்ப உள்ளாரயே மூக்குக் கண்ணாடியப் போட்டுக்க."

பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மூக்குக் கண்ணாடியின்மேல் அதை மாட்டிக்கொண்டு தலையை விட்டேன். கண்ணாடியின் காது வளையங்கள் ரப்பரை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றன. எட்டு எண்ணுவதற்குள் மூக்கு வரை தண்ணீர். வளையங்களைக் கழற்றி, நடுப்பகுதியை மட்டும் பிளாஸ்திரியால் உள்ளே ஒட்டிப் பார்த்தோம். இருபத்திரண்டு எண்ணியபோது அது கழன்று என் மேலுதட்டில் உட்கார்ந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து, "அண்டாவ கழுவி வெச்சிடுங்க, நாளைக்கு அதுலதான் நெல்லு வேவணும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சென்னைக்குக் கிளம்பினான். அவனோடு நானும் காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் போனேன். என் பையில் முழுக்குக் கண்ணாடி, மருத்துவர் எழுதிய சீட்டு, மூன்று வருஷத்துக்கு முந்தைய பழைய மூக்குக் கண்ணாடி. மூன்றையும் வழியில் நான்கு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு வழக்கமாகக் கண்ணாடி போட்டுத் தரும் கடைக்காரர் பொறுமைசாலி. ரப்பர் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள ஒட்டிடலாம் சார். எதை ஒட்டறதுங்கறதுதான் கேள்வி," என்றார்.

புது பவரில் கண்ணாடி வேண்டுமென்றால் சென்னையிலிருந்து வர பத்து நாள் ஆகும். நான் போட்டிருக்கும் கண்ணாடியையே கழற்றி ஒட்டலாம், ஆனால் அதன் முன்புறம் வளைந்தது, தட்டையில் ஒட்டாது. மீதி இருந்தது பழைய கண்ணாடி. அதன் முன்புறம் தட்டை. ஆனால் பவர் வலது ஐந்து, இடது மூன்றேகால். இரண்டிலும் அரை குறைவு.

"அரை குறையுதே," என்றேன்.

"குறையட்டும் சார். தண்ணிக்குள்ள எல்லாம் கிட்ட வந்து நிக்கும். நாலடில கீறது மூணடில கீற மாதிரி தெரியும். பெரிசாவும் தெரியும். நீங்க என்ன தண்ணிக்குள்ள பஸ் போர்டா படிக்கப் போறீங்க?"

"அரை குறைஞ்சு, ஒரு மனுஷன் பொழப்பு போயிடக் கூடாது."

அவர் சீட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னார். தேதி தெரிந்தது, நட்சத்திரம் தெரியவில்லை. என் உள்ளங்கையைப் பார்க்கச் சொன்னார். ரேகை ரேகையாகத் தெரிந்தது. "ஓட்டை உள்ளங்கை தூரத்துலதானே இருக்கப் போவுது," என்றார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பழைய கண்ணாடியே போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தவறில்லை. தவறு அடுத்த நிமிஷத்தில் நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன் தேதி முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் முத்திரையின் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அன்றைய தேதி எழுத்துகளைக் கோப்பேன். எழுத்துகள் எல்லாம் தலைகீழாக, வலம் இடமாக இருக்கும். முகத்தில் வலப்பக்கம் வைத்தது தாளில் இடப்பக்கம் விழும். பதினான்கு வருஷம் இதையே செய்தவனுக்கு எதை முகத்தோடு திருப்பிப் பிடித்தாலும் வலத்தை இடம் என்று மாற்றிக்கொள்ளும் பழக்கம் கையிலேயே ஊறிவிடும்.

கடைக்காரர், "வலது இடது நான் பாத்துக்கறேன் சார்," என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே குறித்துத் தருகிறேன் என்று முழுக்குக் கண்ணாடியை வாங்கி, உட்புறத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். இது என் முகத்தில் பதியப் போகிறது, ஆகவே இங்கே வலத்தில் இருப்பது முகத்தில் இடமாகும் என்று நினைத்தேன். அவர் கொடுத்த மெழுகுப் பென்சிலால் இடப்பக்கத்தில் 'வ', வலப்பக்கத்தில் 'இ' என்று எழுதினேன்.

அவர் எழுத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "உறுதிதானே சார்?"

"உறுதி," என்றேன்.

பழைய கண்ணாடிகளின் ஓரத்தைத் தேய்த்து, இரண்டு குழாய்களிலிருந்து பசையைப் பிதுக்கிக் கலந்து, ஓரமாகப் பூசி ஒட்டினார். செய்தித்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். "ரெண்டு நாளு பிரிக்காதீங்க. முகத்துல வெச்சிப் பாக்கவே கூடாது, பசை நகர்ந்துடும்," என்றார். பஸ் ஏறும் இடத்தில் மச்சான் கடைசி யோசனை ஒன்று சொன்னான். "மாமா, முழுவறதுக்கு முன்ன உள்ள எச்சி துப்பி தேச்சிக் கழுவிடு. இல்லன்னா ஆவி புடிச்சிக்கும்." தபால்தலையைக்கூட நான் எச்சில் தொட்டு ஒட்டமாட்டேன், ஈரப் பஞ்சுதான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பொட்டலத்தைத் தொடவில்லை. புதன்கிழமை விடிந்ததும் பிரித்து மாட்டிக்கொண்டேன். அறை ஒருபக்கமாகச் சரிந்தது. தராசு இரண்டாகத் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடக்கண்ணில் எல்லாம் சுருங்கி, கூர்மையாக, கண்ணைப் பிடித்து இழுத்தது. வலக்கண்ணில் ஒன்றரை அடிக்கு அப்பால் எல்லாம் பஞ்சு. அரைக்கால் நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஐந்து போக வேண்டிய இடத்தில் மூன்றேகால், மூன்றேகால் போக வேண்டிய இடத்தில் ஐந்து.

மனைவியிடம் சொன்னேன். அவள் அதை வாங்கி, உள்ளே எழுதியிருந்த 'வ'வையும் 'இ'யையும் பார்த்தாள். "முத்திர குத்திக் குத்தி உங்க மூஞ்சியயும் கடுதாசின்னு நெனச்சிட்டீங்களா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போவலன்னு சொல்லிடுங்களேன்," என்றாள்.

சொல்லலாம்தான். பசை காய்ந்துவிட்டது. பெயர்த்து மாற்றி ஒட்டினால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். போய்ப் பார்த்து ஒன்றும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்லுக்கு ஊரில் ஓட்டை இல்லை என்றே பொருள் கொள்வார்கள்.

ஏழரை மணிக்குக் கரையில் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். நான் நீலச் சாமானை எடுத்ததும் ஒருவர், "இன்னா போஸ்ட் மாஸ்டரே, ரயிலு வண்டி எஞ்சினு மாதிரி பொகக் கொழா எல்லாம் கீது," என்றார். சிரிப்பு எழுந்தது. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே துப்பித் தேய்த்துக் கழுவினேன்.

தூணுக்கருகே கரைச் சரிவின் படியில், இடுப்பளவுத் தண்ணீரில் நீர்க்கட்டி கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "கண்ணாடி வலம் இடம் மாறிப்போச்சு. ரெண்டு கண்ணையும் தொறந்தா தலை சுத்துது."

அவர் கழியை விடாமல் யோசித்தார். "ஒரு கண்ணு தெரியுதா?"

"ஒன்னு தூரத்துக்குத் தெரியுது, இழுக்குது. இன்னொன்னு கிட்டதான் தெரியுது, ஒன்றரை அடி, ரெண்டடி."

"கிட்ட தெரியறத தொறந்துக்கோ. இன்னொன்ன மூடிக்கோ. கல்லுகிட்ட நான் மூஞ்ச வெச்சித்தான் தடவுவேன். தூரத்துல நமக்கு இன்னா வேல கீது?"

குழாயைக் கவ்விக்கொண்டு முதலில் மிதந்து பார்த்தேன். தை மாதத்துத் தண்ணீர்; வண்டல் படிந்து தெளிந்திருந்தது. கழி பச்சை வெளிச்சத்துக்குள் இறங்கி, நான்கடிக்குக் கீழே மறைந்தது. என் மூச்சு எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இருபது மூச்சு எண்ணினேன். பிறகு குழாயை எறிந்துவிட்டு, கழியைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறங்கினேன். ஆழம் ஒன்பதடி.

முதல் முழுக்கில் காது வலித்தது. பதினொன்றில் மேலே வந்துவிட்டேன். இரண்டாவதில் பழக்கத்தில் இரண்டு கண்ணையும் திறந்தேன். இரண்டு கட்டை, இரண்டு கழி. மூன்றாவதில் இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைக் கல்லருகே கொண்டுபோனேன்.

அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. கட்டை துளையில் அமர்ந்திருந்தது. அதைச் சுற்றி, கசிவை அடைக்க முறுக்கிக் கட்டிய வைக்கோல் பிரி, ஒரு சுற்று, இரண்டு, மூன்று. பிரியிலிருந்து கல்வரைக்கும் மெல்லிய பச்சைப் பாசி எங்கும் அறுபடாமல் படர்ந்திருந்தது. தபால் பையின் முடிச்சில் அரக்கு உடையாமல் இருந்தால் பையை யாரும் பிரிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இதுவும் அப்படித்தான் இருந்தது. பல நாட்களாக அந்தக் கட்டையை யாரும் அசைக்கவில்லை.

நான்காவது முழுக்கில் கல்லின் ஓரமாகப் போனேன். பாசி இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு பிளவுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. விரலை வைத்தால் இழுத்தது. அகலம் இரண்டு விரல். நீளத்தைக் கையால் அளக்கப் போனபோது மூச்சு தீர்ந்தது, முப்பத்தொன்று எண்ணியிருந்தேன். கண்மதிப்பில் ஒன்றரைச் சாண் என்று மனதில் போட்டுக்கொண்டேன். சந்தேகம் தீர இன்னும் மூன்று தடவை இறங்கினேன். ஏழாவது தடவையோடு கரையேறினேன்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். கட்டை உட்கார்ந்திருக்கிறது. பிரி மூன்று சுற்று. பாசி அறுபடவில்லை. கல்லின் கிழக்கு ஓரத்தில் பிளவு, ஒன்றரைச் சாண்.

கரைக்காரர்களின் பெரியவர் கேட்டார். "பாசி எங்கயும் அறுந்து போவலியா? நல்லா பாத்தீங்களா?"

"ஏழு தடவ பாத்தேன்."

அவர் கரைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "தூக்கி இருந்தா பாசி அறுந்து போயிருக்கும். செரி. கல்லுதான்," என்றார். நீர்க்கட்டியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மடியிலிருந்து பீடிக் கட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். நீர்க்கட்டி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒன்று எடுத்துக்கொண்டார். கடைமடைக்காரர்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு நடந்தது நீர்க்கட்டியின் வேலை. களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, சாக்கில் பொதிந்து, முழுகி முழுகிப் பிளவில் திணித்தார். பதினொன்றரைக்குத் தபால் பை வந்தபோது, பை கொண்டுவந்தவர் சொன்னார், வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டதென்று. வெள்ளிக்கிழமை கூட்டம் கூடவில்லை. கழி அவரிடமே இருந்தது.

எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் அரை நிம்மதி. மாறிப்போன கண்ணாடியோடு ஒற்றைக் கண்ணால் பார்த்தவன் நான். அது ஊருக்குத் தெரியாது. தண்ணீர் நின்றது பிளவை அடைத்ததாலா, திணித்த சாக்கு கட்டையையும் சேர்த்து இறுக்கியதாலா? நான் பார்த்தது பிளவுதானா, கல்லின் மேல் ஒரு நிழலா? மாசியில் அறுவடை நல்லபடி முடிந்தது. பங்குனியில் நீர்க்கட்டியின் வீட்டுக்குக் களத்திலிருந்து அவர் பங்கு நெல் போவதைப் பார்த்தேன். அப்போதும் எனக்குள் இந்த அரித்தல் இருந்தது.

வைகாசியில் ஏரி வற்றியது. ஒரு ஞாயிறு காலையில் யாருக்கும் சொல்லாமல் மதகுக்குப் போனேன். ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. தூணடியில் பலகைக்கல் வெயிலில் கிடந்தது. குந்தி உட்கார்ந்து, காய்ந்த களிமண்ணைக் குச்சியால் நெம்பி எடுத்தேன். பிளவு இருந்தது. கிழக்கு ஓரம், இரண்டு விரல் அகலம். சாண் போட்டு அளந்தேன். ஒரு சாண், இரண்டு விரல். நான் சொன்னது ஒன்றரை. கடைக்காரரின் கணக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் பெரிதாக்கிக் காட்டியதைக் கழித்தால் சரியாக வந்தது. இரண்டு முறை அளந்தேன், மூன்றாவது முறை அளக்கவில்லை.

"இன்னா ஐயா, அளந்தாச்சா?"

நிமிர்ந்தேன். நீர்க்கட்டி கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஊரே நம்பிடிச்சி. நீ இன்னும் நம்பலியா?"

"நம்பாதது என் கண்ணத்தான். கண்ணாடி மாறிப்போனது உனக்குத் தெரியுமே."

அவர் கல்லின்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "எனக்கு அன்னிக்கே தெரியும், நீ செரியாத்தான் பாத்தன்னு."

"எப்படி?"

"பிரி மூணு சுத்துன்னு சொன்னியே. எங்கப்பன் ரெண்டு சுத்துவாரு. எல்லாரும் ரெண்டுன்னுதான் நெனச்சிக்கினு கீறாங்க. நான் மூணு சுத்தறது எவனுக்கும் சொன்னதில்ல."

"அத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா இத்தன நாள் நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே."

"நீ கேக்கலியே ஐயா," என்றார்.

தை, மாசி, பங்குனி, சித்திரை என்று விரல் விட்டு எண்ணினேன். நான்கு மாதம். எண்ணி முடித்ததும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். காய்ந்த கல் சூடாக இருந்தது. சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இருவரும் கரையேறினோம்.